காலையில் தொய்ந்த கயிறு

அன்று காலையும் கயிறு தொய்ந்துதான் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் விரலால் சுண்டினால் ரீங்கரிக்கும் அளவுக்கு இழுத்து நிறுத்தப்பட்ட கயிறு. இப்போது இரண்டு தூண்களுக்கு நடுவே வயிறு தள்ளிக்கொண்டு சோம்பலாகத் தொங்கியது. பட்டறைக்காரர் தூணில் தன் கையால் போட்ட பென்சில் கோட்டைக் குனிந்து பார்த்தார். கயிற்றின் மேல் நுனியைப் பிடித்திருந்த குறுக்குச் சட்டம் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. பாரம் காட்டும் டயலில் ஊசி பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது.

"சொன்னேன்ல" என்றார் லேத்துக்காரர். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை. எது நடந்தாலும் அதை முன்பே சொல்லியிருந்தது போல ஒரு முகத்தை வைத்துக்கொள்வது அவருடைய பழக்கம்.

"வெளியாள் வந்திருந்தா சேறு இருக்கணும்" என்றார் பட்டறைக்காரர். "நேத்து பூரா மழை. தரையைப் பாரு, தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. தெருக்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கு. வீட்டுப் பக்கக் கதவுதான் பாக்கி."

வீட்டுப் பக்கம் என்று சொன்னபோது அவர் தன் மச்சானைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக டயலின் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

இந்தப் பட்டறையில் யாரும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் எதையும் செய்வதில்லை. பிறர் செய்த பொருளை வாட்டி வதைத்துப் பார்க்கும் மெஷின்களைச் செய்கிறார்கள். ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே இருக்கும் மெஷின், கதவுக் கீலைத் திறந்து மூடித் திறந்து மூடி அலுக்கவைக்கும் மெஷின், சங்கிலியை அறுகிறவரை இழுக்கும் மெஷின். இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு கயிற்றாலைக்கு. உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு வண்ணம் பூசுகிறவர்களின் இடுப்பில் கட்டும் கயிறு அது. முழு பாரத்தில் இழுத்து ஒரு ராத்திரி பூரா மெஷின் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், காலையில் ஊசி விட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்பது கயிற்றாலை அம்மாள் சொன்ன ஒரே நிபந்தனை. "நிக்கலைன்னா எனக்கு வேண்டாங்க. தொங்குறது ஆளுங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

மெஷின் பகலில் நின்றது. ராத்திரியில் இறங்கியது. ஆள் பார்க்கப் பார்க்க ஊசி மயிரிழைகூட அசையாது. பூட்டிவிட்டுப் போய்த் திறந்தால் கயிறு தொய்ந்திருக்கும். இப்படி ஒரு மெஷினைப் பட்டறைக்காரர் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. அவர் தொழில் தெரிந்தவர். இரும்பு பொய் சொல்லாது என்று நம்புகிறவர். இரும்பு பொய் சொல்லாது என்றால், அந்த வீட்டில் வேறு யாரோ சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

"இந்த வாரத்துக்குள்ள மெஷின் நிக்கலைன்னா உன் தம்பி இங்க நிக்க முடியாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள்.

தம்பிக்காரன் இந்த வீட்டுக்கு வந்து ஐந்தாறு மாதம் ஆகிறது. அதற்கு முன் இதே மாதிரி மெஷின்கள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தான். ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கினான். ஏன் விட்டாய் என்று கேட்டால் "பிடிக்கல" என்பான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவன் வாயைக் கிளற யாராலும் முடியவில்லை. அக்காக்காரிக்கு அப்போது அது போதுமானதாக இருந்தது. தனக்கென்று ஒரு ஆள் வீட்டுக்கு வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சின்ன அறையில் அவனுக்குக் கட்டில் போட்டுக்கொடுத்தாள்.

இந்த மெஷினுக்கு என்னென்ன உறுப்பு என்று தேர்ந்தெடுத்ததே சோற்றுத் தட்டுகளுக்கு முன்னால் வைத்துத்தான். பட்டறைக்காரரின் பழைய மெஷின்களில் எல்லாம் ஒரே கூட்டணி. மரை போட்ட கெட்டியான ஸ்குரூ ராடு, அதன் மேல் பித்தளை நட்டு, அதைச் சுற்ற வார்ம் கியர்பாக்ஸ். மோட்டார் நின்றால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். அவற்றை அந்த இடத்திலிருந்து நகர்த்த யானை வந்தாலும் முடியாது.

"நிக்கிறதுல குத்தமே இல்ல அத்தான்" என்றான் தம்பிக்காரன். "போறதுலதான் தகராறு. குலுங்கிக் குலுங்கிப் போகுது. கயிற இழுக்குறப்ப ஒவ்வொரு குலுக்கலும் டயல்ல தெரியும். கயிறு இளகுதா, நம்ம மெஷின் குலுங்குதான்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா குலுங்காதது நீ வந்ததும் குலுங்குதாக்கும்."

"குலுங்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க பாக்கல."

அக்காக்காரி இருவர் தட்டிலும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டாள். பேச்சு முற்றும்போது சோறு போடுவது அவள் கண்டுபிடித்த வைத்தியம். தம்பிக்காரன் தட்டிலிருந்து நாலு பட்டாணியை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக் காட்டினான்.

"பால் ஸ்குரூ போடுவோம். நட்டுக்குள்ள இந்த மாதிரி எஃகு உருண்டைங்க ஓடும். உரசாது, உருளும். வெண்ணெய் மாதிரி போகும்."

"தின்னுட்டுப் பேசுடா" என்றாள் அக்காள்.

பட்டறைக்காரர் இறங்கி வந்தார். அவருக்கும் வெண்ணெய் மாதிரி போகும் ஒன்றைச் செய்து பார்க்க ஆசை இருந்திருக்க வேண்டும். அப்புறம் மூன்று பேரும் அளவுகளில் மூழ்கினார்கள். மோட்டார் ஷாஃப்ட் ஒரு தடிமன், ஸ்குரூ நுனி இன்னொரு தடிமன், இரண்டையும் சேர்க்கும் கப்ளிங்குக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு துளை. ஸ்டாண்டை ஏற்கெனவே பற்றவைத்தாயிற்று, அதில் போல்ட் துளைகள் பழைய மோட்டாருக்கு விட்டவை. தம்பிக்காரன் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும், எது சேராது என்று சொல்ல, அக்காக்காரி கேட்டுக்கொண்டாள். கடைக்குப் போன் பண்ணி வாங்குவது எப்போதும் அவள் வேலை. கடைக்காரர்களிடம் குழைந்து பேசவும் முறைத்துப் பேசவும் அவளுக்குத்தான் தெரியும்.

ஸ்குரூவை வாங்கிவரத் தம்பிக்காரன் வெளியூர் போயிருந்த அன்று மோட்டார் கடைக்காரர் கூப்பிட்டார்.

"பிரேக்கோட கேட்டிருந்தீங்கம்மா. அது உடம்பு ஒரு சாண் நீளம் ஜாஸ்தி. நீங்க சொல்ற ஸ்டாண்டுல உட்காராது. வர்றதுக்கும் நாளாகும். பிரேக் இல்லாதது கைவசம் இருக்கு, மத்தபடி அதேதான்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரிடம் கேட்டாள்.

"பிரேக்கா?" என்றார் பட்டறைக்காரர். "நாம என்ன வண்டியா ஓட்டப் போறோம். நத்தை வேகத்துல போறதுக்கு எதுக்கு பிரேக். இருக்கிறத அனுப்பச் சொல்லு."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மோட்டார் வந்தது, ஸ்டாண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டறைக்காரர் அதன் மேல் தகர மூடி போட்டுத் திருகி முடித்தார். அன்று சாயங்காலம் தம்பிக்காரன் ஸ்குரூவைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது பட்டறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் வாளியும் பாத்திரமுமாக ஓடினார்கள். மோட்டாரைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

அந்த மழை இன்னும் விடவில்லை. எதைத் தொட்டாலும் ஈரம். லேத்தின் படுக்கை மேல் எண்ணெய் பூசிய மறு நாளே செம்பழுப்பாகத் துரு பூத்தது. ஈரக் காற்றில் ஆட்களுக்கும் ஏதோ பூத்தது. லேத்துக்காரர் டீ குடிக்கும்போதெல்லாம் ஒரு துளி சந்தேகம் விட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல முதலாளி. அந்தப் பெரிய கம்பெனி வண்டி ரெண்டு தடவ தெருமுனையில நின்னுச்சு. வண்டின்னா நிக்கும். நிக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

இன்னொரு நாள், "தினம் சாப்பிட்டதும் போனை எடுத்துக்கிட்டு தெருவுக்குப் போயிடுறாரே உங்க மச்சான். வீட்டுக்குள்ள சிக்னல் இல்லையோ என்னமோ" என்றார்.

வீட்டுக்குள் சிக்னல் நன்றாகவே இருந்தது. அது பட்டறைக்காரருக்கும் தெரியும்.

அவர் கணக்கு எளிமையானது. கயிற்றாலை வேலை தனக்குக் கிடைத்ததில் பெரிய கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். தன் மெஷின் நிற்காவிட்டால் வேலை அவர்களுக்குப் போகும். வீட்டுக்குள் அவர்களுக்கு ஒரு கை வேண்டும். சாயங்காலம் பட்டறையைப் பூட்டியதும் நடைவழியில் இருக்கும் பட்டறைக் கரண்ட் மெயின் லிவரை அவர் இறக்கிவிடுவார். என்றோ ஒரு எலி ஒயரைக் கடித்துச் சுவிட்சுப் பலகை பாதி எரிந்த நாளிலிருந்து தவறாத வழக்கம். பூட்டு, பிறகு லிவர், பிறகுதான் குளியல். ஆக, ராத்திரி ஒருவன் எழுந்து, அடுப்படி ஆணியில் தொங்கும் இரண்டாவது சாவியை எடுத்து, லிவரைத் தூக்கி, பட்டனை அமுக்கிச் சட்டத்தை இறக்கிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய மெஷின் தெரிய வேண்டும், வீடு தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அவர், ஒருத்தி அவர் மனைவி.

"கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று ராத்திரி விழித்திருக்கப் பார்த்தார். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பு. தலையணையில் சாய்ந்ததும் குறட்டை வந்துவிட்டது.

அக்காக்காரிக்குத்தான் தூக்கம் வரவில்லை. தம்பியைச் சந்தேகப்படுவதற்காகக் கணவர் மேல் அவளுக்குக் கோபம். அதே சமயம் தம்பி போனோடு எழுந்து வெளியே போகும்போது அவள் காதும் கூடவே போயிற்று. ஒரு நாள் ஜன்னல் ஓரம் நின்று கேட்டாள். "இன்னும் முடிவு பண்ணல… அவங்களுக்குத் தெரியாது… நான் சொல்றேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. உள்ளே வந்தவனிடம் யார் என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்கக்கா."

"தெரிஞ்சவங்கன்னா?"

"பழைய ஆளுங்க. நீ எதுக்குக் கவலைப்படுற. இந்தப் பட்டன் விழப் பாக்குது, கொஞ்சம் தெச்சுக் குடேன்."

அவள் தன் தையல் டப்பாவிலிருந்த நீல நூலால் பட்டனைத் தைத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டைக்கு நீல நூல் எடுப்பாகத் தெரிந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை என்று போட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் செய்தது அவளுக்கே பிடிக்கவில்லை. கணவர் பட்டறையைப் பூட்டி, லிவரை இறக்கிவிட்டுத் துண்டோடு குளிக்கப் போனார். அவள் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்படிச் சுவரும் பட்டறைச் சுவரும் ஒன்றுதான். மழை தொடங்கிய நாளிலிருந்து இந்த நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கூரைத் தகரம் பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இன்றும் கேட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தையல் டப்பாவைத் திறந்து, ஒரு முழம் நீல நூலைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள். பட்டறைக் கதவின் தாழ்ப்பாள் வளையத்திலிருந்து நிலைக்கட்டையில் இருந்த ஆணிக்கு நூலை இழுத்துக் கட்டினாள். இடுப்பு உயரத்துக்கும் கீழே, பார்க்கிறவன் கண்ணில் படாத இடம். சின்ன வயதில் புத்தகக் கட்டைக் கட்டிய முடிச்சு அது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, திருப்பி இழுப்பது. இழுக்க இழுக்க இறுகும். தெரியாதவர்களால் அவிழ்க்கவும் முடியாது, அதே மாதிரி போடவும் முடியாது.

அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பிக்காரன் மழையைத் திட்டினான். பட்டறைக்காரர் மழைக்காகப் பரிந்து பேசினார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்ப் பார்த்தாள். நூல் இருந்தது. கட்டினது கட்டினபடி, விறைப்பாக இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. எந்தப் பாவியும் கதவைத் திறக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். தம்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டாள். இன்றைக்கு மெஷின் நிற்கப்போகிறது என்று நினைத்தாள்.

கணவர் கதவைத் திறந்தார். கயிறு தொய்ந்து கிடந்தது.

அவள் டீத் தட்டோடு வாசலில் நின்றாள். முதலில், நூலைப் பற்றி இப்போதே கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. யாரும் கதவைத் தொடவில்லை, என் கையால் கட்டிய நூல் சாட்சி. வாய் திறக்கும் நேரத்தில் இன்னொரு நினைப்பு குறுக்கே விழுந்தது. அந்த முடிச்சு இன்னொரு ஆளுக்கும் தெரியும். புத்தகக் கட்டை வைத்துக்கொண்டு அவன் விரலைப் பிடித்து அவளே கற்றுக்கொடுத்த முடிச்சு. அவிழ்க்கவும் தெரியும், மறுபடி கட்டவும் தெரியும். சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டுக்காரரே எழுந்து அதற்கு இடம் விட வேண்டியிருக்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு மச்சான்" என்றார் பட்டறைக்காரர். "நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"படுத்திருந்தேன்."

"எழுந்திரிக்கவே இல்ல?"

"தண்ணி குடிக்க எழுந்தேன்."

"தண்ணி குடிக்க" என்று லேத்துக்காரர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தம்பிக்காரன் தன் அத்தானைப் பார்க்கவில்லை. அக்காளைப் பார்த்தான். ஏதோ ஒன்று வரும் என்று காத்திருப்பவன் போல நிதானமாகப் பார்த்தான். அவள் டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மதியத்துக்கு முன்பே வெடித்துவிட்டது. தம்பிக்காரன் மறுபடி கயிற்றை முழு பாரத்தில் இழுத்து நிறுத்தியிருந்தான். ஒரு பக்கம் லேத் ஓடியது, இன்னொரு பக்கம் லேத்துக்காரர் கிரைண்டரில் ஒரு தகட்டைத் தேய்த்து ஊரைக் கூட்டினார். அதற்கு நடுவே பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

"பாருங்க, ஊசி அசையல. காலையில இருந்து அசையல" என்று கத்தினான் தம்பிக்காரன்.

"கண்ணு முன்னாடி அசையாது" என்று கத்தினார் பட்டறைக்காரர். "கண்ண மூடினாத்தான் அசையும். ரொம்ப மரியாதை தெரிஞ்ச மெஷின்."

"என்ன சொல்றீங்க?"

"வெளிப்படையாவே சொல்றேன். தெருமுனையில வர்ற வண்டியில ஏறிப் போயிடு. என் பட்டறைய விட்டுடு. உன் அக்கா மூஞ்சிக்காக இத்தனை நாள் பொறுத்துட்டேன்."

"நான் எதையும் தொடல அத்தான்."

"அப்ப பேயா தொட்டுச்சு?"

நடைவழியில் நின்றிருந்த அக்காக்காரிக்கு எல்லாம் கேட்டது. கிரைண்டர் சத்தம் அவள் பல்லுக்குள் ஓடியது. கணவர் கத்த, தம்பி கத்த, லேத்துக்காரர் கேட்காதது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மொதல்ல இந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்றாள். யார் காதிலும் விழவில்லை. அவள் திரும்பி, தலைக்கு மேலே இருந்த மெயின் லிவரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

கிரைண்டர் முனகி ஓய்ந்தது. லேத் நின்றது. விசிறி இரண்டு சுற்று வீணாகச் சுற்றித் தளர்ந்தது. பட்டறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மூன்று ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் மெஷின் பெருமூச்சு விட்டது.

உஸ்ஸ் என்று நீளமாக, தடித்த ஆள் மெத்தை நாற்காலியில் உட்காருவது போல. அவள் தினம் சாயங்காலம் தட்டு அடுக்கும்போது சுவருக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம். கூரைத் தகரம் என்று நினைத்திருந்த சத்தம். எல்லோரும் திரும்பியபோது பால் ஸ்குரூ பளபளவென்று தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. குறுக்குச் சட்டம் அவசரமில்லாமல் கீழே வந்தது, பென்சில் கோட்டைத் தாண்டியது. கயிறு வயிறு தள்ளியது. ஊசி பூஜ்யத்தில் போய்ப் படுத்தது.

முன்பே சொன்னதாக லேத்துக்காரர் எதுவும் சொல்லவில்லை.

தம்பிக்காரன்தான் முதலில் அசைந்தான். "பிரேக் விழல" என்று முணுமுணுத்துக்கொண்டு மண்டியிட்டுத் தகர மூடியின் திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினான். மோட்டாரின் பின்பக்கம் இருக்க வேண்டிய அந்த ஒரு சாண் அங்கே இல்லை.

"இது பிரேக் மோட்டார் இல்லையே."

அவன் அக்காளைத் திரும்பிப் பார்த்தான்.

"பிரேக்கோடன்னுதானே சொன்னேன். அக்கா, உன்கிட்டதானே சொன்னேன்."

"ஸ்டாண்டுல உட்காராதுன்னாங்கடா" என்றாள் அவள். "வர்றதுக்கும் நாளாகும்னாங்க."

"நான்தான் வேணாம்னேன்" என்றார் பட்டறைக்காரர். "நாம என்ன வண்டியா ஓட்டப் போறோம்னு…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தம்பிக்காரன் மூடியைத் தரையில் வைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்க பழைய மெஷின் உரசல்லயே நிக்கும் அத்தான். கரண்ட் தேவையில்ல. இதுல உரசலே கிடையாது. அதுக்காகத்தானே வாங்கினோம். கரண்ட் இருக்கிற வரைக்கும் மோட்டார் பிடிச்சுக்கும். கரண்ட் போன நொடி பிரேக் விழுந்து பிடிக்கணும். நீங்க சாயங்காலம் லிவர இறக்குறது எனக்கும் தெரியும். பிரேக் இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அப்படியானால் தினமும் மெஷினை இறக்கியது யார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பட்டறைக்காரர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். பூட்டு, பிறகு லிவர், பிறகு குளியல். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"விடு மச்சான்" என்றார். "தொழில்னா இப்படித்தான். ஒரு டீ சாப்பிடுவோம்."

தம்பிக்காரன் டீயைக் குடித்தான். குடித்துவிட்டு மெஷினின் உச்சியில் ஏறி உட்கார்ந்து ஸ்குரூவின் மேல் நுனியை அளந்தான்.

மோட்டாரை மாற்றினால் ஸ்டாண்டை அறுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். அதைவிட, ஸ்குரூவின் மேல் நுனியிலேயே ஒரு பிரேக்கை உட்காரவைத்துவிடலாம் என்றான். கரண்ட் இருந்தால் திறந்திருக்கும், போனால் பிடித்துக்கொள்ளும் வகை. லேத்துக்காரர், பிரேக்கின் துளை பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் ஒரு புஷ் வளையம் கடைந்து இறுக்கிவிடலாம் என்றார்.

"வேணாம். புஷ் வழுக்கும். அளவு சேர்றதா ஒண்ணு வரட்டும், காத்திருப்போம்."

இந்தத் தடவை அவன் பக்கத்தில் நிற்க, அக்காள் கடைக்குப் போன் பண்ணினாள். துளை என்ன, வழுக்காமல் பிடிக்கும் கீ எந்த அகலம், எவ்வளவு பாரம் பிடிக்கும், எத்தனை போல்ட், எவ்வளவு இடைவெளி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். பிரேக் வந்தது. தட்டாமல், தள்ளாமல், கை அழுத்தத்தில் நுனிக்குள் போய் உட்கார்ந்தது. அந்த நாட்களில் தம்பிக்காரன் எப்போதும் போலச் சாப்பிட்டான், எப்போதும் போல மழையைத் திட்டினான். பட்டறைக்காரர் அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். லேத்துக்காரர், பிரேக் இல்லாமல் சரிவராது என்று தனக்கு அப்போதே பட்டது என்றார். சந்தேகம் தீர்ந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள்.

கயிற்றை முழு பாரத்தில் இழுத்து நிறுத்திய அன்று சாயங்காலம் பூட்டு விழுந்தது, லிவர் இறங்கியது. அக்காக்காரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் காதை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

காலையில் ஊசி விட்ட இடத்திலேயே நின்றது. கயிற்றைச் சுண்டினார் பட்டறைக்காரர். ரீங்கரித்தது. இன்னொரு தடவை சுண்டினார். போனை எடுத்துக்கொண்டு கயிற்றாலை அம்மாளைக் கூப்பிட்டார்.

சின்ன அறையில் கட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தம்பிக்காரன் வெள்ளைச் சட்டையோடு பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?" என்றாள் அக்காள்.

"பழைய கம்பெனிக்கு. இத்தனை நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அக்கா வீட்டு வேலை முடியாம வர முடியாதுன்னு இழுத்துட்டிருந்தேன். இன்னைக்கு வர்றேன்னுட்டேன்."

"அந்தப் போன் அதுதானா?"

"அதுதான்."

"அத்தான் கோவத்துல சொன்னதுடா. அவருக்கு ரொம்ப வெக்கமாயிடுச்சு. நேத்துகூட உனக்காகத்தான் முட்டை வாங்கிட்டு வந்தாரு. மனசுல வெச்சுக்காத."

"அத்தான் மேல எனக்கு ஒண்ணுமில்லக்கா. அவர் மெஷின் இறங்குது, அவர் கத்துறாரு. கத்தத்தானே செய்வாரு."

அவன் பெட்டியைத் தூக்காமல் நின்றான். சட்டைப் பட்டனைக் கட்டைவிரலால் தடவினான். நீல நூல் வெள்ளைத் துணியில் எடுப்பாகத் தெரிந்தது.

"தண்ணி குடிக்க எழுந்தேன்னு சொன்னேன்ல. அப்ப பாத்தேன், கதவுல. இதே நூல்."

அவள் அந்தப் பட்டனையே பார்த்தாள்.

"கோவமில்ல. நல்லதாப் போச்சுன்னுதான் நெனச்சேன். காலையில நூல் அறுபடாம இருக்கும், நீ அத்தான்கிட்ட சொல்லிடுவேன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் நிம்மதியா தூங்கினேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நூல் அறுபடாமத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அவர் என்னைக் கேட்டப்ப நீ அங்கதான் நின்னே."

"நின்னேன்."

"ஏன்க்கா சொல்லல?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கணவருக்குப் பயந்தேன் என்றோ, மறந்துவிட்டேன் என்றோ சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். நம்பாவிட்டாலும் ஏற்றுக்கொண்டிருப்பான். அவளுக்கு இனி ஒன்றைக்கூட மறைக்கப் பிடிக்கவில்லை.

"அந்த முடிச்சு உனக்கும் போடத் தெரியுமேன்னு நெனச்சேன்" என்றாள்.

 அவன் தலையை ஆட்டினான். அளவு கேட்டு, அளவு சொல்லப்பட்டு, சரிபார்த்துக்கொண்டவன் ஆட்டுவது போல.

"தெரியும்" என்றான். "நீதானே கத்துக் குடுத்தே."

பெட்டியை எடுத்துக்கொண்டு நடைவழியைத் தாண்டி, நிலைக்கட்டை ஆணியைத் தாண்டித் தெருவுக்கு இறங்கினான். மழை விட்டிருந்தது. அவள் கூடவே போக நினைத்தாள், வாசலோடு நின்றுவிட்டாள். பட்டறைக்குள் பட்டறைக்காரர் போனில் சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரைக்கும் கேட்டது.

"தாராளமா வந்து பாருங்கம்மா. நேத்து எங்க விட்டோமோ அங்கயே நிக்குது. யாரும் தொடல."